அத்தர் தேய்த்த கை

8 ஜூலை 2024

சந்தன அத்தரை நான் வாயால் விற்பதில்லை. கையால்தான் விற்கிறேன். சீசாவிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்து என் முன்கையில் ஒரு கோடு இழுத்து, அழுத்தித் தேய்த்து, வந்தவர் மூக்கருகே நீட்டுவேன். சூடு பட்டால்தான் அத்தர் வாய் திறக்கும். வந்தவர் கையிலேயே தேய்த்துக் காட்டலாமே என்று கேட்பவர்கள் தேரடித் தெருவில் கடை வைத்துப் பார்த்ததில்லை. பூசிக்கொண்டு அப்படியே கோயிலுக்குள் போய்விடுவார்கள். என் கையில் தேய்த்தால் வாசனை கடையை விட்டுப் போகாது.

இன்று செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வந்தார். தேய்த்தேன். அவர் குனிந்து முகர்வதற்குள் கோடு இழுத்த இடம் சிவந்து தடித்து, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி எழுந்து நின்றது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பற்றறுக்க வந்தவருக்கு, என் கடையில் அது கொஞ்சம் சீக்கிரமே அறுந்துவிட்டது.

12 ஜூலை

மறுபடியும். மல்லிகை, அகில் கட்டையின் ஊது, வெட்டிவேர் எதுவுமே பாரபட்சம் காட்டவில்லை. தேய்த்த இடத்தில் கட்டாயம் தடிப்பு. தேய்க்காத இடத்தில் எப்போதாவது, அதன் இஷ்டம்போல. அரிப்பு வந்துவிட்டால் மனிதன் படித்ததெல்லாம் நகத்தோடு முடிந்துவிடுகிறது.

பீபி ஜானிடம் காட்டினேன். என் மனைவி அன்பை உருதுவிலும் சண்டையைத் தமிழிலும் நடத்துகிறவள். அதனால் இந்தக் குறிப்பேட்டில் தமிழ்தான் ஜாஸ்தி.

"கத்திரிக்கா வேணாம்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

சொன்னதாக நினைவில்லை. சமைத்துப் போட்டது யார் என்று நான் கேட்கவும் இல்லை.

15 ஜூலை

கத்திரிக்காய்க்குத் தடை. கூடவே கருவாடு, முட்டை, நிலக்கடலை. பக்கத்துக் கடையில் பூஜை சாமான் விற்கும் கண்ணாயிரம் தன் பங்குக்குத் தக்காளியையும் சேர்த்தார். "எங்க சகலைக்கு தக்காளிலதான் பாய் வந்துச்சு. விட்டாரு, நின்னுச்சு." சகலை தக்காளியை விட்ட அதே வாரம் வேலையையும் விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் காரணம் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மருத்துவம் படித்தவர்கள் மட்டும்தான் கொஞ்சம் தயங்குகிறார்கள்.

17 ஜூலை

கத்திரிக்காய் இல்லாத தால்ச்சா. அரிப்பு அப்படியே.

21 ஜூலை, பௌர்ணமி

நேற்று மாலையிலிருந்து கிரிவலக் கூட்டம். சாம்பிராணியும் ஜவ்வாதும் கட்டிக் கொடுத்துக் கை ஓயவில்லை. மத்தியானம் உதடு கனத்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தில் வேறு யாரோ தன் உதட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"இன்னா பாய், மூஞ்சி ஒரு பக்கம் ஊருக்குப் போவுது?" என்றார் கண்ணாயிரம். சொல்லிக்கொண்டே தன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். கூட்டத்தில் ஆட்டோவைவிட நாங்கள் வேகமாக நடந்திருப்போம். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். "அலர்ஜி. எதுனாலனு நீங்களே கவனிச்சுப் பாருங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். பொறுப்பை இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீபி ஜான் படுக்கையை விரித்தாள். என் தலையணை உறையை மாற்றினாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் மாற்றினாள். அவள் பயந்தால் இப்படித்தான்.

23 ஜூலை

தீர்ப்பு வந்துவிட்டது. குற்றவாளி அத்தர்.

"தேய்க்கிற எடத்துலதானே எழும்புது? கண்ணால பாக்கறோம். வேற இன்னா சாட்சி வேணும்?" என்றாள் பீபி ஜான். என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

கடை நானாக வைத்தது. முன்பு ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினேன்; வாசனை பிடித்துப்போய் இதில் இறங்கினேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை இது.

27 ஜூலை

மைத்துனன் அர்பாஸ் வந்தான். பீபி ஜானின் தம்பி; அக்கா புருஷனான என்னை உருதுவில் 'துலாபாய்' என்பான். நல்லவன். யாராவது தும்மினால்கூட அந்த இடத்தில் போன் கடை வைக்க முடியுமா என்று பார்ப்பவன்.

"துலாபாய், அத்தர்ல ஃபியூச்சர் இல்ல. போன் கவர், சார்ஜர், டெம்பர் கிளாஸ். பௌர்ணமிக்கு லட்சம் பேர் நடக்கறாங்க. நடக்கறவன் போன கீழ போடுவான். போட்டா ஒடையும். ஒடைஞ்சா நம்ம கடை."

"போடலன்னா?"

"போடுவான் துலாபாய்."

மக்கள் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்தவனை நான் பார்த்ததில்லை.

முடிவு இது: ஆகஸ்ட் முழுக்கக் கடையைப் பூட்டிவைப்பது. அரிப்பு நின்றுவிட்டால் கடை அர்பாஸுக்கு. நான் அவனுக்குக் கல்லாவில் உட்காருவேன். ஒத்துக்கொண்டேன். பீபி ஜான் அன்று இரண்டு முறை தலையணை உறை மாற்றியதை நினைத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன்.

1 ஆகஸ்ட்

பூட்டினேன். கண்ணாயிரம் தினமும் கடை திறந்ததும் என்னிடம் மணிக்கட்டை நீட்டுவார். ஒரு துளி மரிக்கொழுந்து வைத்தால்தான் முதல் வியாபாரத்தில் கை வைப்பார். இன்று நான் பூட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டை நீட்டினார். பிறகு தானாகவே மடக்கிக்கொண்டார்.

5 ஆகஸ்ட்

வீட்டில் இருக்கிறேன். பீபி ஜான் என் சட்டைகளையெல்லாம் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துவிட்டாள். பீரோவைத் துடைத்தாள். என்னையும் பூந்திக்கொட்டை போட்டுக் குளிக்கச் சொன்னாள். இந்த வீட்டில் இப்போது எதற்கும் வாசனை கிடையாது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர், "உடம்பு சரியில்லியா பாய்?" என்று கேட்டார். மூக்கால் கண்டுபிடித்துவிட்டார்.

9 ஆகஸ்ட்

இடுப்பில், பைஜாமா நாடா அழுத்தும் இடத்தில், சுற்றிலும் தடிப்பு. காய்கறிப் பை தொங்கிய முழங்கையில் ஒன்று.

"ஒடம்புல ஊறுன பழைய அத்தர் வெளிய வருது. வரட்டும்" என்றாள்.

வாதத்தை ரசித்தேன். அரிப்பு நின்றால் குற்றம் நிரூபணம். நிற்காவிட்டால் குற்றம் இன்னும் பலமாக நிரூபணம். இப்படிப்பட்ட வழக்கறிஞர் எதிர்த்தரப்பில் இருந்தால் சமாதானமாகப் போய்விடுவதே நல்லது.

14 ஆகஸ்ட்

அர்பாஸ் டேப் கொண்டுவந்து கடையை அளந்துவிட்டுப் போனான். வெள்ளை டைல்ஸ் போடுவானாம். வெள்ளை விளக்கு.

19 ஆகஸ்ட், பௌர்ணமி

மலை சுற்றும் கூட்டத்தின் இரைச்சல் வீட்டுக்கே கேட்கிறது. கண்ணாயிரம் மத்தியானம் எட்டிப்பார்த்தார்.

"பத்து பேராவது கேட்டுட்டாங்க பாய். ஊருக்குப் போயிருக்காருனு சொல்லிக்கினு இருக்கேன். எந்த ஊருனு ஒருத்தர் கேட்டாரு. ஆம்பூர்னுட்டேன். யாராவது கேட்டா ஆம்பூர்னே சொல்லுங்க."

சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது வேறு ஏதோவாக ஆகிவிட்டது. எனக்கு இன்னா தெரியும் — மூக்கு ஒண்ணுதான். போன் கவர எடுத்து எவன் மூக்குல வெக்கறது? டெம்பர் கிளாஸ்ல மல்லிக்கும் முல்லைக்கும் இன்னா வித்தியாசம்னு எவனாவது கேப்பானா? அந்தக் கல்லாவில் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்?

சரி. இருக்கட்டும். உயிர் பெரிது என்கிறார்கள். இருக்கலாம்.

25 ஆகஸ்ட்

காலையில் எழுந்தால் மேலுதடு வீங்கியிருக்கிறது. பீபி ஜான் டீ கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். பிறகு அவளே சொன்னாள்:

"கடதான் பூட்டி கெடக்குதே."

வாதி தரப்பே இப்படிக் கேட்டுவிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? உதடு இருந்த நிலையில் நான் தீர்ப்புப் படிக்கவும் முடியாது.

"வேங்கிக்கால்ல தோல் டாக்டரம்மா இருக்காங்களாம். நாளைக்கே போறோம்" என்றாள். சாயந்திரம் வீக்கம் வடிந்துவிட்டது. அவள் முடிவு வடியவில்லை.

26 ஆகஸ்ட்

கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதுக் குடியிருப்புகளின் நடுவே இருக்கிறது கிளினிக். டாக்டர் நந்தினிக்கு, வெளியூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் கேள்விகளை நிதானமாகக் கேட்டார். ஒரு தடிப்பு எவ்வளவு நேரம் இருக்கும்? வந்த இடத்தில் தழும்பு நிற்குமா? காய்ச்சல் உண்டா? மூச்சு அடைத்ததா? பீபி ஜான் எல்லாவற்றுக்கும் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். குற்றவாளி அத்தர்தான் என்றும் சொன்னாள். குற்றவாளியையும் சீசாவோடு சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தேன்.

"கடையில எப்படித் தேய்ப்பீங்க? இங்க காட்டுங்க சார்."

இடது கையில் சந்தனக் கோடு இழுத்தேன். கட்டைவிரலால் தேய்த்தேன். சற்று நேரத்தில் வெள்ளரிப் பிஞ்சு எழுந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா!" என்றாள் பீபி ஜான். ஜெயித்துவிட்ட குரல்; முகம் மட்டும் தோற்றவள் முகம்.

டாக்டர் தொண்டை பார்க்கிற மரக் குச்சி ஒன்றை உறை பிரித்து எடுத்தார். என் வலது கையில் அதே அழுத்தத்தில் ஒரு கோடு இழுத்தார். பிறகு பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்தார். பேசி முடிப்பதற்குள் வலது கையிலும் ஒரு பிஞ்சு.

பீபி ஜான் அந்தக் குச்சியை வாங்கி மோந்து பார்த்தாள். திருப்பிப் போட்டும் மோந்தாள்.

"இதுல ஒரு வாசனையும் இல்லியே."

"இல்லதான்மா. இப்ப பாருங்க." டாக்டர் சந்தனத்தில் ஒரே ஒரு சொட்டை என் வலது கையின் மேல்பக்கத்தில் வைத்தார். தேய்க்கவில்லை. காத்திருந்தோம். மூன்று பேரும் ஒரு சொட்டு எண்ணெயை இவ்வளவு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் வாசலில் உண்டியல் வைத்திருப்பார்கள். ஒன்றும் எழவில்லை.

"அத்தர் ஒண்ணும் செய்யல சார். நீங்க அழுத்தித் தேய்க்கறதுதான் செய்யுது."

என் தொழில் முறையே எனக்கு எதிரான சாட்சியத்தைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெற்றிலைக் கடைக்காரனாக இருந்தால் கையில் தேய்த்துக் காட்ட வேண்டியிருக்காது, இந்தத் தவறும் நடந்திருக்காது.

டாக்டர் சொன்னதை நினைவிலிருக்கும்போதே எழுதிவிடுகிறேன். "தோலுக்கடியில, மூக்குல, மூச்சுக்குழாய்ல, குடல்ல எல்லாம் மாஸ்ட் செல்னு ஒரு வகை செல் காவலுக்கு இருக்கு. ஒவ்வொண்ணும் உள்ள சின்னச் சின்னப் பொட்டலமா ஹிஸ்டமின் மாதிரி ரசாயனமெல்லாம் கட்டி வச்சிருக்கும். எதிரி வந்தான்னு நெனச்சா ஒடனே ஒடைச்சு ஊத்திரும். ரத்தக்குழாய் கசியும், வீங்கும், அரிக்கும். சிலருக்கு எறா, சிலருக்கு மகரந்தம்னு வெளியிலருந்து ஒரு காரணம் இருக்கும். உங்களுக்கு அப்படித் தெரியல. வெளிய ஆளே இல்லாம, உள்ளயே கெளம்புது; தோல அழுத்தினாக்கூட ஒடைஞ்சிருது. உங்க உடம்பு தயாரிக்கிற ஆன்டிபாடியே சில சமயம் போய் உசுப்பிவிடும். மாசக்கணக்கா தடிப்பு வர நெறைய பேருக்கு இப்படித்தான்."

"அப்ப ஒதடு?"

"அதுவும் அந்த செல்லுங்க வேலைதான்மா. கொஞ்சம் ஆழத்துல ஒடைஞ்சா அப்படி வீங்கும்."

தூக்கக் கலக்கம் தராத வகை அலர்ஜி மாத்திரை, தினமும் ஒன்று. போதாவிட்டால் அவர் சொன்ன பிறகு கூட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஊசி இருக்கிறது. நாக்கு வீங்கினால், மூச்சு திணறினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. பெரும்பாலும் ஒருநாள் தானாகவே போய்விடும். அந்த நாள் மட்டும் சொல்லிவிட்டு வராது.

பிறகு விடுதலைப் படலம். "கத்திரிக்கா?" "சாப்பிடலாம்." "கருவாடு?" "சாப்பிட்டா ஒண்ணும் ஆனதில்லல்ல? சாப்பிடலாம்." முட்டை, நிலக்கடலை, கண்ணாயிரத்தின் தக்காளி என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் பீபி ஜான் குரலைத் தாழ்த்தி, "கட?" என்றாள்.

"கடை என்னம்மா பண்ணுச்சு? திறங்க. ஆனா சார், கையில தேய்க்காதீங்க."

திரும்பும்போது ஆட்டோவில் அவள், பெரிய கோபுரம் தெரிய ஆரம்பித்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். உருதுவில். அதை இங்கே எழுதப்போவதில்லை.

30 ஆகஸ்ட்

மாஸ்ட் செல்லைப் பற்றிப் படித்தேன். 'மாஸ்ட்' என்பது ஜெர்மன் சொல்லாம். கொழுக்கத் தீனி போடுவது என்று அர்த்தம். உள்ளே நிறையப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, எங்கேயோ நன்றாகத் தின்றிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் முடிவு கட்டியிருக்கிறார். உண்மையில் அந்தச் சரக்கை அவை தாமே தயாரித்து வைத்திருக்கின்றன. தொப்பையைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் விஞ்ஞானத்திலும் இருந்திருக்கிறது.

கெட்டவை என்று சொல்லிவிடவும் முடியாது. குடலில் புழு சேர்ந்தால் விரட்ட உதவுகின்றன. தேள் விஷத்தைக்கூடச் சிதைக்கின்றன என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மூக்கு ஒழுகுவதிலும் ஆஸ்துமாவிலும்கூட இவற்றின் கை இருக்கிறது. பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து கொண்டுவந்து நிறுத்தும் புதுக் காவலர் மாதிரி: கூட்டம் வந்தாலும் விசில், பசு மாடு வந்தாலும் விசில், யாரும் வராவிட்டாலும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒரு விசில். என் தோலில் இப்படி எத்தனை பேர் நிற்கிறார்களோ.

2 செப்டம்பர்

கடை திறந்தேன். அர்பாஸுக்கு முகம் விழுந்துவிட்டது. "டைல்ஸ் பாத்து வெச்சேனே துலாபாய்" என்றான். பிறகு சமாளித்துக்கொண்டான். "சரி, கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி வரைக்கும் பாருங்க. வியாபாரம் கம்மியா இருந்தா எனக்குதான்."

6 செப்டம்பர்

கம்மி. மாத்திரையில் அரிப்பு பாதி அடங்கிவிட்டது. வியாபாரம் முழுதாக அடங்கிவிட்டது. கையில் தேய்க்காமல் அத்தரை எப்படி விற்பது?

காகிதத் துண்டில் தொட்டுக் கொடுத்தேன். "காகிதத்தயா நான் பூசிக்கப்போறேன்?" என்றார் ஒருவர். வந்தவர் கையிலேயே வைத்துப் பார்த்தேன். செய்தி பரவி, கோயிலுக்குப் போகிற வழியில் வரிசை கட்டிக்கொண்டு கை நீட்டினார்கள். சிலர் பிள்ளைகளின் கையையும் சேர்த்து. அரை சீசா மரிக்கொழுந்து சுவாமி தரிசனத்துக்குப் போனது.

7 செப்டம்பர்

"என் கைய எடுத்துக்கோங்க பாய்" என்று கண்ணாயிரம் வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கற்பூரம் விற்கிறவர். ஊது, மல்லிகை, சந்தனம் மூன்றுமே அவர் கையில் கற்பூர ஆரத்தியாகத்தான் மணந்தன. அன்புக்கு நன்றி சொல்லிக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11 செப்டம்பர்

சாப்பாடு கொண்டுவந்த பீபி ஜான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போளூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் காகிதத்தை மோந்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளம்பும் பார்வை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பீபி ஜான் எழுந்தாள். புர்கா கையைக் கொஞ்சம் மேலே இழுத்தாள். என்னிடமிருந்து குச்சியைப் பிடுங்கி, தன் கையில் கோடு போட்டு, சப்பாத்தி மாவைத் தேய்ப்பது மாதிரி தேய்த்தாள்.

"மோந்து பாரு கண்ணு. அவசரப்படாத. மொதல்ல பச்சையா அடிக்கும். இப்ப பாரு, எறங்குதா?"

எறங்கியது. அலமாரியிலிருந்து இரண்டு சீசாக்களும் இறங்கின.

அவள் கையைப் பார்த்தேன். சந்தன நிறத்தில், ஒரு சலனமும் இல்லாமல், வழவழவென்று இருந்தது. காவலர்கள் தூங்குகிறார்கள்.

"இன்னா பாக்கறீங்க? சாப்புடுங்க. கத்திரிக்கா ஆறுது."

20 செப்டம்பர்

பெண்களுக்குத் தன் கையில் காட்டுகிறாள். ஆண்களுக்குக் காகிதம்தான். "புடிச்சா வாங்குங்க, புடிக்கலன்னா வீட்டம்மாவ இட்டுக்கினு வாங்க" என்கிறாள். இட்டுக்கொண்டு வருகிறார்கள்.

4 அக்டோபர்

இரண்டு நாளாகத் தடிப்பு இல்லை. மூன்றாம் நாள் வந்தது. டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். அர்பாஸ் வேங்கிக்காலில் இடம் பார்த்துவிட்டான். போனைக் கீழே போடுகிறவர்கள் ஆபீஸ்காரர்களில்தான் ஜாஸ்தி என்று இப்போது சொல்கிறான்.

17 அக்டோபர், பௌர்ணமி

நல்ல கூட்டம். நான் உள்ளே உட்கார்ந்து சாம்பிராணி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் கடைக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பிறகு கேட்டார்:

"கடக்காரம்மா இல்லிங்களா?"

"தொழுவப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க, ஒக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.